கண்ணை மூடினாலும் தெரியும் மூக்கு: கோளாறு பார்வையிலா, மனத்திலா?

கேள்வி: அம்பாசமுத்திரத்து அத்தை

என் அண்ணன் மகளுக்கு வயது 19. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தன் மூக்கு கோணலாகவும் மிகப் பெரிதாகவும் இருப்பதாக உறுதியாக நம்புகிறாள்; எங்கள் கண்ணுக்கோ அப்படி ஒன்றும் தெரியவில்லை. சில நாள் கண்ணாடியை விட்டு நகர மாட்டாள், சில நாள் அதன் பக்கமே போக மாட்டாள். உறவினர்கள் முகத்தைப் பார்ப்பார்கள் என்று இந்த ஆண்டு கோவில் கொடைக்கும் வரவில்லை. "கண்ணை மூடினாலும் அந்த மூக்குதான் தெரிகிறது அத்தை, எதிரே நிற்பவர் என்னைப் பார்ப்பது போலத் தெரிகிறது" என்று அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. இப்போது அறுவை சிகிச்சைக்குப் பணம் கேட்கிறாள். கொடுக்கலாமா?

பதில் 1: உளவியல் ஆசிரியர், வண்ணார்பேட்டை

அவள் சொன்ன அந்த வாக்கியம் மிக முக்கியமானது அம்மா. மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். நேரில் பார்க்காமல் நோய் இன்னதென்று நான் முடிவு கட்டக் கூடாது. ஆனால் நீங்கள் விவரிப்பது, 1891இல் இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி எழுதிவைத்த, இன்று பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் எனப்படும் நிலையை ஒத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதை, வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி.யைச் சார்ந்த நோய்களோடு சேர்த்திருக்கிறது.

இந்நோய் உள்ளவர்களின் மனத்தில் தாமாக எழும் காட்சிகளைப் பற்றி 2004இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்கள் தங்களைத் தங்கள் கண்வழியாக அல்லாமல் எதிரே நிற்பவரின் பார்வையில் காண்பதும், அக்காட்சிகள் சிறுவயதில் பட்ட கேலி போன்ற நினைவுகளோடு பிணைந்திருப்பதும் அதில் தெரியவந்தன. கண் மருத்துவர் பரிசோதித்தால் பார்வையில் குறை இருக்காது. மூளைப்பட ஆய்வுகளோ, இவர்கள் முகத்தை முழுமையாக வாங்கிக்கொள்வதை விட நுணுக்கங்களைப் பிரித்தெடுப்பதில் சாய்வதாகக் காட்டுகின்றன. கோலத்தை விட்டுவிட்டு ஒரு புள்ளியையே வெறித்துக்கொண்டிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே கண்ணாடியில் காண்பதும் அந்த மனப்படத்தின் வழியாகவே வருகிறது. மூக்கைத் திருத்தினாலும் படம் அப்படியே நிற்பதால், பெரும்பாலோருக்கு அறுவைக்குப் பிறகும் கவலை தணிவதில்லை, அல்லது வேறோர் உறுப்புக்குத் தாவிவிடுகிறது. பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் 2: தென்காசி அக்கா

என் தங்கைக்கு வந்தது இதற்கு உறவான வேறு நோய்: உடல் பருத்துவிடும் என்று அஞ்சிச் சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்ஸியா. எலும்பும் தோலுமாக இருந்தபோதும், எங்கள் வீட்டு அகன்ற தலைவாசலில் தோளைச் சாய்த்து ஒதுங்கித்தான் நுழைவாள். நடிக்கிறாள் என்று வீட்டில் ஏசினார்கள். 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் படித்தபோதுதான் விளங்கியது: மற்றவர்கள் தோளகலத்தை விட 25 சதவீதம் அகன்ற இடைவெளியிலேயே தோளைத் திருப்பத் தொடங்க, அனோரெக்ஸியா நோயாளிகள் 40 சதவீதம் அகலமிருந்தும் திருப்பினார்களாம். உடலே தன்னைப் பெரிதாகக் கணக்கிட்டு நடந்திருக்கிறது. "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்" என்று நாங்கள் சொன்னதெல்லாம் அவளிடம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

அம்பாசமுத்திரத்து அத்தை:

இருவருக்கும் நன்றி. ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் அவளை 'மூக்கி' என்று கூப்பிட்டதாக என் மதினி இப்போது சொல்கிறாள். எங்கே காட்டுவது? தாயும் உடன் போகலாமா?

பதில் 3: உளவியல் ஆசிரியர், வண்ணார்பேட்டை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் சி.பி.டி. சிகிச்சையும், செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சார்ந்த சில மாத்திரைகளும் இதற்குப் பலன் தருகின்றன. அந்த ஆறாம் வகுப்பு நினைவை மீண்டும் மனக்கண்ணில் கொண்டுவந்து அதன் போக்கை மாற்றிப் பார்க்கச் செய்யும் முறையும் உண்டு. பயிற்சி பெற்றவர் துணையில்லாமல் வீட்டில் முயல வேண்டாம். இந்நோயில் தற்கொலை எண்ணம் அரிதன்று. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் முறை பார்த்துக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் இரவிலும் பேசலாம்.

முதலில் அவள் மருத்துவரிடம் தனியாகப் பேசட்டும், பிறகு தாயும் உள்ளே போகட்டும். "மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்ற ஆறுதலை அவள் திரும்பத் திரும்பக் கேட்பதும், தாய் திரும்பத் திரும்பச் சொல்வதும் நோயை வளர்க்கும் பழக்கங்கள் என்பதால், அதற்குப் பதிலாக என்ன பேசுவது என்பதை உங்கள் மதினியும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.