நெகேமியா வேதபாடம்: 4-ம் அதிகாரத்தில் உங்கள் ஆலோசனை தேவை

ஸ்தோத்திரம். வாலிபர் கூட்டத்துக்கு "தடைகளில் தேவனை நம்புதல்" என்று 4 வாரப் பாடம் தயாராகிறது. வாரம் 45 நிமிடம்.

பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரரான நெகேமியா, எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய வரலாறுதான் பாடம். முதல் வாரம் 1, 2 அதிகாரங்கள். யூத மாதமான கிஸ்லேயு தொடங்கி நிசான் வரை ஏறக்குறைய நாலு மாதம் நெகேமியாவின் ஜெபம். ஆனால் ராஜா கேட்டதும், மரத்துக்குக்கூடக் கடிதம் வேண்டும் என்று சொல்ல நெகேமியாவிடம் கணக்கு தயாராக இருந்தது. எருசலேமில் ராத்திரியில் மதிலைச் சுற்றிப் பார்க்கிறார்; ஓரிடத்தில் அவர் ஏறிவந்த மிருகம் போகவே வழியில்லை. அவ்வளவு இடிபாடு.

சிக்கல் இரண்டாம் வாரத்தில். 4:9-ல் ஜெபமும் உண்டு, எதிரிகளுக்கு எதிராக இரவும் பகலும் காவலும் உண்டு. இதை எடுத்தாலே பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள்: காவல் வைத்தால் விசுவாசம் குறைவா, வைக்காவிட்டால் தேவனைச் சோதிப்பதா? அடுத்த வசனத்திலேயே சுமைகாரர் பெலன் குறைகிறது, மண்மேடு மிச்சமிருக்கிறது. பயத்தைவிட இந்தச் சோர்வுதான் பெரிய தடை என்பது என் எண்ணம். பெரும்பாலான பிரசங்கங்கள் மதில் வேலையை எதிர்த்த சன்பல்லாத்தோடு நின்றுவிடுகின்றன!

மூன்றாம் வாரம், 5-ம் அதிகாரத்தின் வட்டிப் பிரச்சினை (யூதர் தங்கள் ஏழைச் சகோதரரிடமே வட்டி வாங்கியது). கடைசியில் 6:15, 52 நாளில் மதில் முடிந்தது.

கேள்விகள்:
4:9-ஐ பரீட்சை, வேலை தேடுதல் போன்றவற்றோடு பொருத்த நல்ல கலந்துரையாடல் கேள்விகள் உண்டா?
5-ம் அதிகாரத்தை நடுவில் வைத்தால் ஓட்டம் அறுகிறதா? தனி வாரமாக நடத்தியவர்கள் சொல்லுங்கள்.