ஸ்டெப், ஸ்லூ, டிரிஃப்ட்: நேர ஒத்திசைவுக்குத் தமிழ்ச் சொற்கள்

வணக்கம் அண்ணா,

கொம்பியூட்டர் மணிக்கூட்டை இணையத்தில இருக்கிற நேர சேர்வரோட ஒத்திசைக்கிற குரோனி மென்பொருளின்ர செய்திகளைத் தமிழில காட்டுற கருவிக்கு நீங்கள் போட்ட சொற்பட்டியல் பாத்தன். ஒத்திசைவு சரி, எல்லாரும் பாவிக்கிறதுதான். ஆனா ஓஃப்செட்டுக்கு, அதாவது மணிக்கூடு சரியான நேரத்தில இருந்து எவ்வளவு தள்ளி நிக்குது எண்டதுக்கு, "நேர வித்தியாசம்" வேண்டாம். எங்கட சனத்துக்கு அது லண்டனுக்கும் எங்களுக்கும் இடையில உள்ள நாலரை, அஞ்சரை மணித்தியாலம். 1996இல மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி 2006இல திரும்ப அஞ்சரைக்குக் கொண்டுவந்தாங்களே, அந்தக் கதையெல்லாம் நேரவலயம். குரோனி பாவிக்கிற நேர ஒத்திசைவு நெறிமுறையான என்டிபி, உலகப் பொது நேரமான யூடிசியை மட்டும்தான் கொண்டுவரும், வலயத்தைத் தொடாது. அதால "விலகல்" எண்டு வைப்பம்.

ஸ்டெப்புக்கு "படி"யும் வேண்டாம், அது ஸ்ட்ராட்டத்துக்கு, அதாவது மூல மணிக்கூட்டில இருந்து ஒரு சேர்வர் எத்தினையாவது எண்டதுக்குத் தேவை. அணு மணிக்கூடு பூச்சியப்படி, அதோட நேரடியாப் பிணைஞ்ச சேர்வர் முதற்படி, 16 எண்டா ஒத்திசையேல்ல. "அடுக்கு" ஏற்கெனவே நெற்வேர்க் லேயருக்குப் போயிட்டுது. ஸ்டெப் எண்டா ஒரேயடியா சரியான நேரத்துக்குப் பாயிறது, "தாவல்" பொருந்தும், பின்னுக்கும் தாவலாம். ஸ்லூ எண்டா ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு மெல்ல மெல்லச் சரிக்கட்டுறது, அதுக்கு "இழுப்பு" போட்டா நேரம் இழுபடுது, சுணங்குது எண்டுதான் விளங்கும், "மென்திருத்தம்" எப்படி? இந்த ரெண்டையும் பாவிக்கிற ஆள் கட்டாயம் பிரிச்சு அறியோணும் அண்ணா. பழைய ஒத்திசைவு மென்பொருளான என்டிபிடி, 128 மில்லிசெக்கனுக்கு மேல விலகல் தொடர்ந்து நிண்டாத் தாவும், மெல்லத் திருத்தேக்க செக்கனுக்கு ஆகக்கூடினது அரை மில்லிசெக்கன், அப்ப ஒரு செக்கனைச் சரிக்கட்ட 2000 செக்கன், அரை மணித்தியாலத்துக்கும் மேல. மெல்லத் திருத்தினா நேரம் முன்னுக்குத்தான் ஓடும், பின்னுக்குத் தாவினா டேட்டாபேஸில பிறகு வந்த பதிவு முந்தின நேரத்தோட விழும்.

உவர்மலையில ஒரு கடையில பில் போடுற கொம்பியூட்டருக்கு உள்பற்றரி செத்துப்போச்சு. கரண்ட் போய் வந்தா திகதி பல வருசம் பின்னுக்கு நிக்கும், பிரவுசரைத் திறந்தா சர்டிபிக்கட் பிழை எண்டு மறிக்கும். நேரம் தாற சேர்வர் உண்மையானதுதானா எண்டு சர்டிபிக்கட்டை வைச்சுப் பாக்கிற, 2020இல வந்த என்டிஎஸ் பாதுகாப்பைப் போட்டா இன்னும் சிக்கல்: நேரம் பிழையெண்டா சர்டிபிக்கட்டை ஏற்காது, சர்டிபிக்கட்டை ஏற்காட்டி நேரம் எடுக்கேலாது. இந்த இடத்தில வாற செய்தி அந்தக் கடைக்காரருக்கே விளங்கோணும், எங்களுக்கு மட்டுமில்ல.

டிரிஃப்ட் எண்டா மணிக்கூடு விரைவாவோ மெதுவாவோ ஓடிப் பிசகிறது, அதுக்கு நீங்கள் போட்ட "நகர்வு" பிசகைச் சொல்லேல்ல, "ஓட்டப்பிசகு" போடுவம். குரோனி விலகலுக்கும் ஓட்டத்துக்கும் ஒரே ஃபாஸ்ட், ஸ்லோவைத்தான் காட்டும். தமிழில "முந்தி நிக்குது", "விரைவா ஓடுது" எண்டு பிரிச்சே சொல்லலாம், பிந்தி நிக்கிற மணிக்கூடு விரைவா ஓடவும் கூடும்தானே.

—

தம்பி,

விலகல், தாவல், ஓட்டப்பிசகு மூண்டும் எனக்குச் சம்மதம், ஸ்ட்ராட்டத்துக்குப் படியும் நல்லம். மென்திருத்தத்தை மட்டும் விடும். மென்பொருள், மென்கலன் எண்டு பழகின கண்ணுக்கு அது சொஃப்ட்வெயாரில போட்ட பட்ச் மாதிரித்தான் தெரியும். நகர்வு இப்ப விடுபட்டிட்டுதே, ஸ்லூவுக்கு "நகர்த்தல்" எண்டு வைப்பம். "மணிக்கூடு தாவியது", "மணிக்கூடு மெல்ல நகர்த்தப்படுகிறது": வாசிச்சுப் பாரும், விளக்கமே தேவையில்ல.

முந்தி நிக்கிறது, விரைவா ஓடுறது ரெண்டையும் முதல் பதிப்பிலேயே போடும். என்டிஎஸ் செய்தியை நீரே எழுதி, அந்தக் கடைக்காரரிட்ட வாசிக்கக் குடுத்திட்டு அனுப்பும். யூடிசியில இடைக்கிட கூட்டுற லீப் செக்கனுக்குச் சொல் தேடி மினக்கெட வேண்டாம், 2035க்குள்ள அதைக் கைவிடுறதா 2022இலயே முடிவெடுத்தாச்சு, அது அப்பிடியே கிடக்கட்டும்.