ஸ்ப்ளிட்டர் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பலதாகப் பிரிக்கும் சாதனம்) தெரிந்த அண்ணாமாரே, கொஞ்சம் உதவுங்கோ

வெள்ளவத்தையில் எட்டு மாடித் தொடர்மாடி ஒன்றுக்கு ஜிபொன் ஃபைபர் (ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் இணைய இணைப்பு) இழுக்கிறோம். 32 வீடு. கீழே ஒன்றை 32 ஆகப் பிரிக்கும் ஒரே 1:32 ஸ்ப்ளிட்டர் வைப்பதா, 1:4 வைத்து இரண்டு மாடிக்கு ஒரு 1:8 போடுவதா? ஒளி இழப்பு இரண்டிலும் 17, 18 டிபி (டெசிபெல்) அளவில்தான். பி பிளஸ் வகை ஒப்டிக்குக்கு (ஒளியை அனுப்பி வாங்கும் பகுதி) 28 டிபி வரை தாங்கும். இரண்டு படி என்றால் கேபிள் மிச்சம், ஆனால் பழுது தேடுவது தலையிடி.

புறக்கோட்டைக் கடைக்காரர் எஃப்பிடி (ஃபைபர்களை உருக்கி ஒட்டிச் செய்த ஸ்ப்ளிட்டர்) மலிவு என்று கையில் திணிக்கப் பார்க்கிறார். அது குறிப்பிட்ட சில அலைநீளங்களுக்குத்தான் சரி, வெக்கைக்கு இழப்பும் மாறும். பிஎல்சி (சிப்பில் செய்த ஸ்ப்ளிட்டர்) 1260 முதல் 1650 நானோமீட்டர் வரை சமமாகப் பிரிக்கும். 90:10 என்று பிரிக்க எஃப்பிடி நல்லதுதான், எங்களுக்கு அது தேவையில்லை. சரி, பிஎல்சிதான்.

இந்தக் கடற்காற்றில் எஸ்சி ஏபிசி கனெக்டர் (செருகும் முனை) போட்ட ஸ்ப்ளிட்டரா, ஸ்ப்லைஸ் பண்ணும் (உருக்கி ஒட்டும்) வெறும் ஃபைபர் முனை உள்ளதா அதிக நாள் நிற்கும்? கடற்கரைப் பக்கம் வேலை செய்தவர்கள் சொல்லுங்கோ.