பொருள்: சென்சார் இருக்கிறது, வசதி இல்லை. இதற்கு என்ன சொல்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். ஒரு மாத இதழுக்காக ஆப்பிள் – மசிமோ வழக்கைப் பற்றிய நீண்ட கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

செய்தி இதுதான். 2020-ல் வந்த சீரிஸ் 6 கைக்கடிகாரத்தில் இரத்த ஆக்சிஜன் பார்க்கும் வசதியை ஆப்பிள் சேர்த்தது. அது தன் காப்புரிமையை மீறியது என்று மசிமோ என்னும் கலிஃபோர்னிய மருத்துவக் கருவி நிறுவனம் வழக்காடியது. 2023 அக்டோபரில் இறக்குமதித் தடையாணை வந்தது. 2024 ஜனவரி 18 முதல் அமெரிக்காவில் விற்ற சீரிஸ் 9, அல்ட்ரா 2 கடிகாரங்களில் அந்த வசதி இல்லாமல் போனது. ஆனால் சென்சார் அடியில் அப்படியே இருக்கிறது. செயலியின் படம்கூடத் திரையில் இருந்தது, தொட்டால் இனிக் கிடைக்காது என்றது. முன்பே வாங்கியவர்களுக்கும், அமெரிக்காவுக்கு வெளியே வாங்கியவர்களுக்கும் வழக்கம்போல் வேலை செய்கிறது.

"வசதி நீக்கம்" என்று எழுதினால் கழற்றி எடுத்த மாதிரி இருக்கிறது. பொருள் உள்ளே கிடக்க, பயன் மட்டும் எடுபட்ட நிலைக்கு ஒரு சொல் வேண்டும். கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, சுற்றி வளைத்து எழுத முடியாது.

சரவணம்பட்டி, மென்பொருள் பொறியாளர்:

எங்கள் அலுவலகத்தில் "டிசேபிள் பண்ணியாச்சு" என்போம், தமிழில் யோசித்ததில்லை. எங்கள் காடு கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கிறது. ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, மறு போகத்துக்கு இரட்டைப்படை மதகு. நம் முறை இல்லாதபோது வாய்க்கால் இருக்கும், மதகு இருக்கும், தண்ணீர் மட்டும் வராது. "அடைப்பு" என்று சொல்லலாமே? வசதி அடைப்பு.

பெருந்துறை, மருந்துக்கடைக்காரர்:

தம்பி, நல்ல யோசனைதானுங்க, ஆனா இந்த எடத்துக்கு வேண்டாமுங்க. இரத்தம், ஆக்சிஜன், அடைப்பு மூணும் ஒரே வரியில வந்தா எங்க கடைக்கு வர்ற யாரும் ஹார்ட்டு அடைப்புன்னுதான் படிப்பாங்க. 2021-ல ரெண்டாவது அலை வந்தப்ப விரல்ல மாட்டுற மிஷின் கேட்டு ஆளுங்க வரிசையில நின்னதைப் பாத்தவன் நான். வெள்ளாமைக்காரரும் "சாச்சுரேஷன் எவ்வளவு"ன்னு கேட்டாரு. அந்தச் சொல்லை யாரும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கலைங்க. நோவு சம்பந்தப்பட்ட எழுத்துல ஒரு சொல் பயத்தைக் கெளப்பிச்சுன்னா, அது எவ்வளவு நல்ல தமிழா இருந்தாலும் தள்ளித்தான் வைக்கோணும்.

கோபிசெட்டிபாளையம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மிணி, சொல் நம் வாயிலேயே இருக்கிறது, அகராதியைத் தேட வேண்டாம். கொங்கு நாட்டில் விளக்கை என்ன செய்கிறோம்? "லைட்டை அமத்து" என்கிறோம். இது கொச்சை அன்று. வளர்த்து "வளத்து" ஆவதும் சேர்த்து "சேத்து" ஆவதும் போல, அமர்த்து "அமத்து" ஆகியிருக்கிறது. அமர்தல் தன்வினை, அமர்த்தல் பிறவினை. எரிவது அமர்கிறது, நாம் அமர்த்துகிறோம். விளக்கு எங்கும் போவதில்லை, சுடர்தான் இல்லை. நீங்கள் கேட்ட பொருள் இதுதானே? வசதி அமர்த்தம்.

இதனோடு "அவிதல்" என்பதையும் வைத்துப் பார்க்கலாம். பிசிராந்தையார் "ஆன்று அவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்" என்று பாடினார் (புறநானூறு 191). சான்றோரிடம் ஆற்றல் இல்லாமல் போகவில்லை, அது அடங்கி நிற்கிறது. அமர், அவி, அடங்கு என்று இந்தச் சொற்கள் ஒரு குடும்பம்போல் ஒன்றாகவே வருகின்றன. "அமைதி"யையும் இவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்...

(மீதியைத் தனி அஞ்சலாக அனுப்புகிறேன்.)

ஈரோடு, வழக்கறிஞர்:

ஐயா, "அமர்த்தம்" ஈரோட்டில் புரியும். சென்னையில் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத்தான் நினைப்பார்கள். "ஆப்பிள் வசதியை அமர்த்தியது" என்றால் புதிதாகப் பொருத்தியது என்று நேர் எதிராகப் படித்துவிடுவார்கள்.

சொல்லுக்கு முன் செய்தியைச் சரிசெய்ய வேண்டும். வசதியை எடுக்கச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. ஆணை தந்தது நீதிமன்றம் அன்று, அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம். 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 337-ஆம் பிரிவில் அது இழப்பீடு வாங்கித் தர முடியாது. உரிமையை மீறும் பொருள் நாட்டுக்குள் வராமல் தடுக்கத்தான் முடியும். அதனால் ஆணையின் சாரம் "மீறும் கடிகாரத்தைக் கொண்டுவராதே" என்பது. குடியரசுத் தலைவர் மறுக்க 60 நாள் அவகாசம் உண்டு. அவர் தரப்பில் மறுப்பு வராமல் கிறிஸ்துமஸோடு அது முடிந்தது. டிசம்பர் 27-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையாணையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது, ஜனவரி 17-ல் அந்த நிறுத்தம் விலகியது. மறுநாளே வசதி இல்லாத கடிகாரம் விற்பனைக்கு வந்தது. கடிகாரம் உள்ளே வர வேண்டும் என்பதற்காக வசதியை நிறுத்திக்கொண்டது ஆப்பிள்தான். "நீதிமன்றம் வசதியை நீக்கியது" என்று கட்டுரையில் எங்காவது இருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. காப்புரிமை என்பதைப் புத்தகத்துக்கும் பாட்டுக்கும் எழுதுகிறார்கள், கண்டுபிடிப்புக்கும் எழுதுகிறார்கள். புத்தகத்துக்குப் பதிப்புரிமை என்று ஒதுக்கிவிட்டால்தான் இது தெளியும். 2019-ல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வந்தபோதும் "மஞ்சளுக்குக் காப்புரிமை" என்றே ஊரெல்லாம் பேச்சு. மஞ்சள் விஷயத்தில் இந்தக் குழப்பம் எனக்கு உறுத்துகிறது. மஞ்சள் காயம் ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் உண்மையாகவே ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்துசெய்ய வைத்தது. ஒருவர் கையிலிருந்து நாம் பறித்ததும், நமக்குக் கிடைத்ததும் ஒரே சொல்லால் வழங்குகின்றன. மஞ்சள் மண்டி ஊரில் இருந்துகொண்டு இதை விளக்கி முடியவில்லை.

கோபி, தமிழாசிரியர்:

வக்கீலம்மா தொட்டுவிட்டதால் சொல்கிறேன். காப்புரிமைக்கான "பேட்டன்ட்" என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் "திறந்திருத்தல்". அரசர் முத்திரையிட்டு மூடாமல், எல்லாரும் பார்க்கக் கொடுத்த ஓலை அது. கண்டுபிடித்தவர் நுட்பத்தை வெளியே சொல்ல வேண்டும், அதற்குக் கைம்மாறாகச் சில காலம் உரிமை. "காப்பு" இந்தப் பாதியை மறைத்துவிடுகிறது. கொங்கு நாட்டில் செப்புப் பட்டயங்களுக்குக் குறைவில்லை. உரிமையை ஊரறியக் கொடுப்பதுதான் பட்டயம். "புத்தாக்கப் பட்டயம்" என்றால் இரண்டு பாதியும் வரும்.

திருச்செங்கோடு, பாலிடெக்னிக் விரிவுரையாளர்:

ஐயா, பட்டயம் என்றால் இப்போது டிப்ளமோ. என் மாணவர்கள் மூன்று ஆண்டு படித்து வாங்குவது அதைத்தான். கண்டுபிடிப்பு உரிமை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரத்த ஆக்சிஜன் பார்க்கும் கருவியை, அதாவது பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, சொல்லாக்கத்துக்கு அது உதவும். இரண்டு ஒளி: சிவப்பு ஏறக்குறைய 660 நானோமீட்டர், அகச்சிவப்பு ஏறக்குறைய 940. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும், ஏறாதது நேர்மாறு. தோல், எலும்பு, சிரை எல்லாமும் ஒளியை உறிஞ்சுவதால் குழப்பம் வரும். நாடி துடிக்கும்போது தமனிக் குருதி மட்டுமே கூடிக் குறைகிறது, அந்த அசையும் பகுதியைப் பிரித்தால் போதும் என்று 1974-ல் அறிவித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி. ஆகவே பெயரில் நாடி இருந்தே ஆக வேண்டும். விரல் கருவியில் ஒளி ஊடுருவி மறுபுறம் போகிறது. மணிக்கட்டில் பட்டுத் திரும்புவதைப் பார்க்கிறார்கள், அது கடினம்.

அடுத்து, சாச்சுரேஷனுக்குச் "செறிவு" என்று போடாதீர்கள். செறிவு வேறு, இது நூற்றுக்கு எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு. பாடநூலில் கரைசலுக்குத் "தெவிட்டிய" என்று இருக்கிறது. குருதிக்கு அது ஒவ்வாது. "ஆக்சிஜன் நிறைவு" என்பது என் பரிந்துரை.

சரவணம்பட்டி:

நாடி தமிழா? வடமொழி என்று படித்த ஞாபகம்.

கோபி:

"நோய்நாடி நோய்முதல் நாடி" என்று வள்ளுவர் சொல்லவில்லையா? நாடித் தெரிந்துகொள்வதால் நாடி.

திருச்செங்கோடு:

ஐயா, அங்கே நாடி வினையெச்சம். ஆராய்ந்து என்று பொருள். மணிக்கட்டு நாடிக்கு அந்தக் குறளைச் சான்றாக்க முடியாது.

கோபி:

வினையெச்சம்தான், மறுக்கவில்லை. அந்த வினையடியிலிருந்து பெயர் பிறந்திருக்கலாம் என்கிறேன்.

பெருந்துறை:

பெரியவங்க ரெண்டு பேரும் மன்னிக்கோணும். அம்மிணிக்கு நாளைக்குச் சாயங்காலம் குடுக்கோணுமுங்க.

எங்கூருப் பக்கம் சீனாபுரம்தான் பவணந்தி முனிவர் ஊருன்னு சொல்லுவாங்க. "பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல"ன்னு எழுதினவரு அவரு. நாடி வடக்கயிருந்து வந்திருந்தாலும் நம்மூட்டுச் சொல் ஆகி எத்தனையோ தலைமொறை ஆச்சு. அதை ஏனுங்க வெளியில நிறுத்தோணும்?

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

நன்றி அண்ணா. வக்கீலம்மா சொன்ன திருத்தத்தைக் கட்டுரையில் செய்துவிட்டேன், தலைப்பே மாறியது. ஒரு கேள்வி. "முடக்கம்" எப்படி? வங்கிக் கணக்கு முடக்கம் என்கிறோம். 2017-ல் தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியபோது எல்லாப் பத்திரிகைகளும் அந்தச் சொல்லைத்தான் போட்டன. பொருள் இருக்கிறது, உடையவர் தொட முடியாது, பிறகு திரும்பக் கிடைக்கவும் கூடும்.

பெருந்துறை:

முடக்குவாதம் ஞாபகம் வருதுங்களே. முடக்கறுத்தான் கீரையை அதுக்குத்தான் தோசை மாவுல அரைச்சு ஊத்துறோம்.

சரவணம்பட்டி:

தெருத் திரும்புமிடத்தையும் முடக்கு என்போம். மொடக்குறிச்சி என்ற ஊர்ப்பெயர்கூட அதிலிருந்துதான் வந்திருக்குமோ?

கோபி:

முடக்கு, முடங்கு, முடம் எல்லாம் வளைவைக் குறிப்பவை. மொடக்குறிச்சியை அங்கே கொண்டுபோகலாம் என்பது என் ஊகமும்கூட. ஆனால் வளைந்து கிடப்பது வேறு, எரியாமல் நிற்பது வேறு. அமர்த்தத்துக்கு இரு பொருள் இருப்பதைக் குறையாகச் சொன்னீர்கள். அணைத்தல் என்றால் தழுவுதலும் உண்டே. தீயணைப்பு நிலையம் என்று படித்து யாராவது குழம்புகிறார்களா?

ஈரோடு, வழக்கறிஞர்:

ஐயா சொல்வது வலுவான வாதம். ஆனாலும் அமர்த்துவதும் அணைப்பதும் விளக்குக்கு உரியவர் செய்வது. வேண்டும்போது அவரே ஏற்றிக்கொள்வார். இங்கே கடிகாரத்துக்குக் காசு கொடுத்தவர் கையில் அந்தப் பொத்தான் இல்லை. முடக்கத்தில்தான் அந்த வேற்றுமை இருக்கிறது: முடக்குபவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர். அதனால் முடக்கத்துக்கு என் வாக்கு. "ஆணையம் முடக்கியது" என்று மட்டும் எழுத வேண்டாம். "ஆப்பிள் முடக்கி விற்றது" என்பதே சரி.

திருச்செங்கோடு:

எனக்கும் முடக்கம் சம்மதம். பிறகு நடந்ததற்கும் பொருந்துகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுங்கத் துறையின் முடிவுக்குப் பின் வசதி வேறு வடிவில் திரும்பியது. கடிகாரம் ஒளியை அளக்கிறது, கணக்கை ஐஃபோன் போடுகிறது, விடையும் ஐஃபோனில்தான் தெரியும். அதே சென்சார்தான். நீக்கம் என்று எழுதியிருந்தால் "நீக்கியது எப்படித் திரும்பியது" என்று வாசகர் கேட்பார். மசிமோ அந்த முடிவை எதிர்த்துச் சுங்கத் துறை மீதே வழக்குப் போட்டது, அதையும் கட்டுரையில் சேருங்கள்.

பெருந்துறை:

சரிங்க, முடக்கமே இருக்கட்டும். பேங்க் கணக்குச் சேதியில பாத்துப் பழகின சொல்லு, படிக்கிறவங்களுக்குப் புரியும். ஆக்சிஜனை மட்டும் உயிர்வளின்னு மாத்தாதீங்க அம்மிணி. சிலிண்டர் தேடி அலைஞ்சவங்க ஆக்சிஜன்னுதான் அலைஞ்சாங்க.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் இவற்றை எடுத்துக்கொள்கிறேன்: வசதி முடக்கம், நாடி ஆக்சிஜன்மானி, ஆக்சிஜன் நிறைவு, இறக்குமதித் தடையாணை. காப்புரிமையை இப்போதைக்கு அப்படியே விட்டு, முதல் பக்கத்தில் பதிப்புரிமையோடு உள்ள வேறுபாட்டை ஒரு வரியில் சொல்கிறேன். கோவையிலிருந்து வந்த கலைக்கதிர் இதழின் பழைய கட்டுகளைப் பார்த்தேன். ஜி. ஆர். தாமோதரன் காலத்திலேயே பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தமிழ்ச்சொல் உண்டாக்கிப் பழகியிருக்கிறார்கள். நம் பட்டியலையும் அப்படி ஒருவர் பின்னாளில் புரட்டுவார் என்பதால், ஏற்காத சொற்களையும் காரணத்தோடு சேர்த்து வைக்கிறேன். கோபி ஐயா, உங்கள் அமர்த்தமும் அதில் இருக்கும்.

கோபி, தமிழாசிரியர்:

வைத்துக்கொள்ளுங்கள் அம்மிணி. என் மாற்றுக்கருத்தையும் எழுதிவையுங்கள். ஆக்சிஜன்மானி என்பதை நான் ஏற்கவில்லை. மேலும் "முடக்கம்" தமிழ், "வசதி" வடசொல். "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்ற தொல்காப்பிய நூற்பா எனக்கும் தெரியும், அது ஒலி மாற்றி ஏற்பதற்கான இலக்கணம். கையில் சொல் இருக்கும்போது கடன் வாங்கச் சொல்லும் கட்டளையாக அதைப் படிக்கக் கூடாது. வசதிக்கு "ஏந்து" இருக்கிறது. ஏந்து முடக்கம். நாளை காலைக்குள் ஒருவராவது வழிமொழிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஈரோடு, வழக்கறிஞர்:

வழிமொழிய இயலவில்லை ஐயா. காப்புரிமைக்கு மட்டும் அடுத்த வாரம் தனி இழை தொடங்குகிறேன். பட்டயத்தைப் பற்றி உங்களோடு இன்னும் பேச வேண்டும்.