மறு: ‘புரொடெக்டட் ஏரியா’ – ஆறாக இருந்தால் தமிழில் என்ன?

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

> ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்றே இருக்கட்டுமே. அகராதியில் ஏற்கெனவே இருக்கிறது.

தேவகோட்டை ஐயா சொல்வது சரி, இருக்கிறது. ஆனால் அதைப் படித்ததும் எனக்கு நம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம்தான் கண்ணில் வருகிறது. வனத்துறைப் பலகை, உள்ளே கை வைக்காதே என்ற எச்சரிக்கை. நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில் வருவது வேறு. அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் படுகையில் 1988-இல் மின்திட்டக் குழு ஒன்று ஏறத்தாழ 44,000 மைல் நீள ஆறுகளையும் ஓடைகளையும் குறித்து, இங்கெல்லாம் மீனுக்காகவும் காட்டுயிர்களுக்காகவும் புதிதாகப் புனல்மின் நிலையம் வேண்டாம் என்றது. தூண்டில் போடலாம், படகு விடலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது.

பள்ளத்தூர் தங்கச்சி கொடுத்த ‘அணைவிலக்கு’ கேட்டவுடன் பிடித்துப்போனது. மதுவிலக்கு மாதிரி வாயில் நிற்கிறது. இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் இடித்தது. ஏற்கெனவே இருக்கும் அணைகளை அந்த விதி தொடவில்லை. மின்சாரம் எடுக்காத பழைய அணையில் டர்பைன் வைப்பதைக்கூட விட்டுவிடுகிறது. அப்புறம், பெரிய அணையே இல்லாமலும் புனல்மின்சாரம் எடுக்கலாம். ஆற்றின் குறுக்கே சின்னத் தடுப்புப் போட்டு, தண்ணீரைக் குழாயில் திருப்பி, கீழே கொண்டுபோய் டர்பைனில் விடுவார்கள். நடுவில் சில மைல் ஆறு வெறும் கல்லாகக் கிடக்கும். அங்கே ‘அணை’ என்று தேடினால் கிடைக்காது, மீனும் கிடைக்காது.

அணையைத் தாண்டி மீன் மேலேறக் கட்டும் படிவழிக்கு ‘மீன் ஏணி’ என்று போன மாதம் முடிவுசெய்தோமே, அது இருக்கும்போது இது எதற்கு என்று ஆச்சி கேட்டிருந்தார்கள். ஐப்பசியில் கண்மாய் பெருகி மறுகால் போகும்போது கலுங்குப் பக்கம் போயிருப்பீர்கள். கெண்டை எதிர்த்து ஏறும். கல்லில் மோதி விழும், மறுபடி துள்ளும். கீழே பையன்கள் மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் சாக்குமாக நிற்பார்கள். அந்தத் துள்ளலுக்கு ஏணி உதவும், ஆச்சி. கொலம்பியா ஆற்றில் 1938-இல் இயங்கத் தொடங்கிய பானவில் அணையில் அப்படி ஏணி உண்டு. மேலே கிராண்ட் கூலி அணைக்கு ஏணியே வைக்கவில்லை. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறி வரும் சால்மன் மீனின் வழி அதோடு அடைபட்டது. ஆனால் ஏணி ஏறிப் போன மீனுக்கு மேலே என்ன மிச்சம் இருக்கிறது? பெண் சால்மன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்து அடித்துச் சரளையில் குழி பறித்து முட்டையிடும். சரளை இடுக்கில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. அணை கட்டித் தண்ணீர் தேங்கிவிட்டால் அந்தச் சரளைமேல் வண்டல் படிந்துவிடும். ‘மீன் ஏணி’ என்ற சொல் அழகாக இருப்பதாலேயே பிரச்சினை தீர்ந்த மாதிரி ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. எனக்கே வந்தது.

ஆகவே என் பரிந்துரை: புனல்மின் விலக்கு. ஆற்றின் நீளத்தைச் சொல்ல வேண்டுமானால் புனல்மின் விலக்குப் பகுதி.

இதற்கும் குறை உண்டு. வரிவிலக்கு என்றால் சலுகை. அந்தப் பழக்கத்தில், மின்நிலையத்துக்கு ஏதோ சலுகை கொடுத்ததாக யாராவது படிக்கலாம். ‘பகுதி’ சேர்ந்தால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடும். இன்னொன்று, நம் பக்கத்தில் விலக்கு என்றால் பஸ் நிற்கும் இடம். “புனல்மின் விலக்கு ஒரு டிக்கெட்” என்று என் மகன் இப்போதே ஆரம்பித்துவிட்டான். காரைக்குடிக்கு வெளியே இந்தத் தொல்லை குறைவு என்று நம்புகிறேன்.

‘நீர்மின் விலக்கு’ என்றும் சொல்லலாம். பாடநூலில் ‘நீர்மின்’ பழகிவிட்டது. எனக்குப் ‘புனல்’தான் பிடிக்கிறது, அதில் ஓட்டம் இருக்கிறது. எதிர்ப்பு நிறைய இருந்தால் விட்டுக்கொடுக்கிறேன், ‘பாதுகாக்கப்பட்ட’ மட்டும் வேண்டாம்.

பட்டியலில் ஏற்றப்போகிறவர் ‘புனல்மின்விலக்கு’ என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்று சொன்னால் போதும். என் ஓட்டு பிரித்து. கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.