ஸ்நூக்கர் வீராங்கனை மிங்க் ஆடியதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்

மில்டன் கீன்ஸிலிருந்து:

மேசை மேல் கியூ என்ற கோலால் பந்தடித்து ஆடும் ஸ்நூக்கரை டிவியில் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். 2022 செப்டம்பரில் எங்கள் ஊர் மார்ஷல் அரீனாவில் உலகக் கலப்பு இரட்டையர் போட்டி நடந்தது. முன்னாள் உலகச் சாம்பியன் நீல் ராபர்ட்சனைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்தேன். வீடு திரும்பும்போது வழியெல்லாம் மனைவியிடம் அவருடைய ஜோடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

நச்சாரட் வொங்ஹருதாய். தாய்லாந்தில் எல்லோருக்கும் ஒரு செல்லப்பெயர் இருக்கும், இவருடையது மிங்க். அப்போது 22 வயது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஷெஃபீல்டில் வெண்டி யான்ஸை 6-5 என்று தோற்கடித்து மகளிர் உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். அதன் மூலம் பெரும்பாலும் ஆண்களே ஆடும் தொழில்முறை டூரில் இரண்டு வருடம் ஆட கார்டு, அதாவது அனுமதி.

அந்த இரட்டையர் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. இந்த முறை ராபர்ட்சன் மேசைக்கு வந்தால் அடுத்த முறை மிங்க்தான் வர வேண்டும். பெரிய ஆட்டக்காரர் பார்த்துக்கொள்வார் என்று ஒதுங்கி உட்கார முடியாது. எனக்கு ஞாபகம் இருப்பது அவருடைய நிதானம். கியூ முனையில் சாக்பீஸைத் தேய்ப்பார், மேசை மேல் குனிவார், அடித்த பிறகும் பந்து பாக்கெட்டில் விழும் வரை தலையைத் தூக்க மாட்டார். இறுதியில் மார்க் செல்பியும் ரெபெக்கா கென்னாவும் எதிரே. 4-2. கோப்பையை இவர்கள் தூக்கினார்கள்.

வேறு யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

பாங்காக்கிலிருந்து:

அண்ணா, நான் அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே பார்த்துவிட்டேன். 2019 ஜூனில் மகளிர் உலகப் போட்டி இங்கே ஹை-எண்ட் ஸ்நூக்கர் கிளப்பில் நடந்தது. இறுதியில் ரியான் எவன்ஸ் 6-3 என்று வென்றார். அது அவருக்கு 12-ஆவது பட்டம். எதிரே 19 வயது மிங்க். அந்த மார்ச்சில்தான் ஒரு பயிற்சி ஆட்டத்தில் 147 அடித்திருந்தார், வழக்கமாக ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய முழுப் புள்ளி அது. ஒரு பெண் 147 அடித்ததாகத் தெரியவந்தது அதுவே முதல்முறை. அதனால் கிளப்பில் எல்லார் கண்ணும் அவர் மேல்தான்.

இங்குள்ள கிளப்களில் ஸ்கோர் எழுதவும், பந்தை எடுத்து வைக்கவும் மார்க்கர் என்று ஆள் இருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை. மிங்க்கின் அம்மாவும் ஒரு ஸ்நூக்கர் கிளப்பில் வேலை பார்த்தவர்; அங்கேதான் பத்து வயதில் மிங்க் கியூவைப் பிடித்தார் என்று படித்தபோது, நான் தினமும் தாண்டிப் போகும் அந்த முகங்களைக் கொஞ்சம் நின்று பார்த்தேன்.

லெஸ்டரிலிருந்து:

நான் பார்த்தது சந்தோஷமான ஆட்டம் இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டும்.

அவருடைய முதல் சீசன். இங்கே, அப்போது மார்னிங்சைட் அரீனா என்று பெயர் இருந்த அரங்கில் தகுதிச் சுற்றுகள் நடந்தன. டிவியில் தெரிகிற கூட்டம், விளக்கு, அறிவிப்பு எதுவும் இருக்காது. தடுப்புகளுக்கு நடுவே வரிசையாக மேசைகள். பக்கத்து மேசையில் கருப்புப் பந்து விழும் சத்தம்கூடக் கேட்கும். அன்று அவருடைய ஆட்டத்துக்கு முன்னால் என்னோடு சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருப்போம்.

பந்து போடுவதில் அவர் எதிராளிக்குக் குறைந்தவர் இல்லை. தூரத்து சிவப்புப் பந்து ஒன்றை விளிம்பு தொடாமல் பாக்கெட்டில் போட்டார். கருப்பு, மறுபடி சிவப்பு. அப்புறம் கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து ஓர் அங்குலம் கூடுதலாக உருண்டு ஒரு சிவப்பின் மேல் ஒட்டி நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் சேஃப்டி ஆடினார், எதிராளிக்கு வாய்ப்புத் தராமல் இருக்க ஆடும் தற்காப்பு அடி அது. எதிராளி வெள்ளையைப் பச்சைப் பந்துக்குப் பின்னால் மறைவாகக் கொண்டுபோய் வைத்தார். மேசையின் ஓரப்பட்டைகள் இரண்டில் வெள்ளையை மோதவிட்டுத் தப்பித்தார் மிங்க், ஆனால் எதிராளி எளிதாகப் போடும்படி ஒரு சிவப்பு திறந்துவிட்டது. அவ்வளவுதான், அடுத்த பத்து நிமிடம் நாற்காலியில். கையில் தண்ணீர் பாட்டில், மூடியைத் திறக்கவே இல்லை.

அந்த டூரில் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மகளிர் போட்டியில் ஒரு சின்னத் தப்புக்குப் பிறகு பெரும்பாலும் இன்னொரு வாய்ப்பு வரும். இங்கே வராது. எதிரே நிற்பவர்கள் வாராவாரம் இப்படிப்பட்ட எதிராளிகளோடு ஆடியே வளர்ந்தவர்கள். அந்தப் பாடத்தை மிங்க் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுத்தான் படிக்க வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. கார்டு நிலைக்க வேண்டுமென்றால் தரவரிசையில் முதல் 64 பேருக்குள் வர வேண்டும். முதல் சுற்றிலேயே வெளியேறினால் புள்ளி எங்கிருந்து வரும்? 2022-23 சீசனில் ஆளுக்குக் குறைந்தது 20,000 பவுண்டு வருமானம் உறுதி என்று கொண்டுவந்தார்கள், நல்ல காரியம். ஆனால் தாய்லாந்திலிருந்து வந்து இங்கிலாந்தில் வாடகை கொடுத்து, ஊர் ஊராகப் போய் ஆடுகிறவருக்கு அது எத்தனை மாதத்துக்கு வரும்?

இரண்டு வருட கார்டை நான்காக்க வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். திறமை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வருடம் போதும். கற்றுக்கொள்ளப் போதாது.

பாங்காக்கிலிருந்து மறுபடி:

லெஸ்டர் தம்பி சொன்ன அந்தத் தண்ணீர் பாட்டில் மனதை என்னவோ செய்கிறது. 2024 மார்ச்சில் அவருடைய இரண்டு வருடம் முடியப்போகும் நேரத்தில் சீனாவில், டோங்குவானில், மறுபடி மகளிர் உலக இறுதிக்கு வந்தார். பாய் யூலூவிடம் 5-6. ஒரே ஒரு ஃப்ரேம், அதாவது ஒரே ஒரு சுற்று வித்தியாசம். நான் ஆபீஸில் போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி எண் மாறியதும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

மில்டன் கீன்ஸிலிருந்து:

ஆனாலும் மகளிர் தரவரிசை வழியாக 2024-26-க்கு மறுபடி கார்டு கிடைத்ததே! தம்பி, நீங்கள் கேட்ட நான்கு வருடம் அவருக்கு இப்படிச் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்து லெஸ்டர் பக்கம் அவர் ஆட்டம் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பத்துப் பேர் பன்னிரண்டு ஆகட்டும்.