ஸ்மோக்கரில் ஆப்பிள் உலர்த்தியது: புதுப்பிப்பு

போன முறை ஸ்மோக்கரில் (மரப்புகையில் உணவைச் சூடாக்கும் மூடிய அடுப்பு) உலர்த்திய ஆப்பிள் துண்டுகள் வெளியே இறுகி, உள்ளே ஈரமாகவே இருந்தன, புகையும் கசந்தது என்று எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது. சூடு 90 டிகிரி செல்சியஸில் இருந்தது. அவ்வளவு சூட்டில் மேற்பரப்பு முதலில் காய்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை.

இந்த முறை 57 முதல் 60 டிகிரிக்குள் நிறுத்தினேன். அடுப்புக்குள் ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தட்டை எடுத்துவிட்டு, மேல் காற்றுத்துளையை முழுக்கத் திறந்தேன். இதுதான் பெரிய வித்தியாசம் என்று நினைக்கிறேன். உலர்த்துவதில் சூட்டைப் போலவே காற்றோட்டமும் முக்கியம். துண்டுகள் அரை சென்டிமீட்டர் கனம், கறுக்காமலிருக்க எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தேன். புகை முதல் ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் ஒரு கைப்பிடி மரச்சீவல். அப்புறம் வெறும் சூடுதான்.

7 மணி நேரம் கழித்து ஒரு துண்டை ஆறவைத்து (சூடாக இருந்தால் மென்மை ஏமாற்றும்) இரண்டாகக் கிழித்து, கிழிந்த ஓரத்தை அழுத்தினேன். ஈரம் கசியவில்லை. தோல் வார் மாதிரி வளைந்தது, ஒடியவில்லை.

சரி, முடிந்தது என்று ஜாடியில் போட்டு மூடி தினமும் குலுக்கினேன். மூன்றாம் நாள் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய நீர்ப்பூச்சு. உடனே எடுத்து இன்னும் 2 மணி நேரம் உலர்த்தினேன். விட்டிருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். இன்று பத்தாம் நாள், ஜாடி தெளிவாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் முதலில் ஆப்பிள் மணக்கிறது, புகை அதற்குப் பின்னால்தான் வருகிறது. அடுத்தது அன்னாசி.